பழைய எல்ஃப் லொறிக்குப் புது ஸ்பிறிங் ஹங்கர்: வீட்டில் வைத்து ஒட்டலாமா?

முத்தையன்கட்டு:

வணக்கம். எங்களிடம் ஒரு பழைய இசுசு எல்ஃப் 250 லொறி இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றியிருக்கிறார்கள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வடிந்து வடிந்து பின்பக்கச் செசி (அடிச்சட்டம்) முழுக்கக் கறள். இப்போது நாங்கள் நெல்லும் செங்கல்லும் ஏற்றுகிறோம்.

வலது பின் ஸ்பிறிங்கின் முன் ஹங்கர், அதாவது ஸ்பிறிங்கைச் செசியோடு பிடிக்கிற துண்டு, வெடித்துவிட்டது. யாரோ முன்பே அதை ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டின் ஓரத்தில்தான் புது வெடிப்பு வந்திருக்கிறது. சக்கிள் (ஸ்பிறிங்கின் பின் நுனியைப் பிடிக்கிற, ஆடக்கூடிய இணைப்பு) தொங்குகிற பின் ஹங்கரும் கறளில் மெலிந்துபோய்க் கிடக்கிறது. வவுனியாவில் பாவித்த ஹங்கர்கள் நல்லதாகக் கிடைத்தன, வாங்கி வைத்துவிட்டேன்.

வீட்டில் 200 ஆம்பியர் இன்வேட்டர் வெல்டிங் பிளான்ட், கிறைண்டர், ட்ரில் எல்லாம் உண்டு. கேற், கொட்டில் கூரை, உழவு மெஷின் பெட்டி என்று நிறைய ஒட்டியிருக்கிறேன். பழைய ரிவெட்டுகளை வெட்டி எடுத்துவிட்டு, புது ஹங்கரைச் செசியில் வைத்துச் சுற்றிவர நன்றாக ஒட்டினால் போதாதா? பெரும்போக அறுவடைக்கு முன் லொறி ஓடவேண்டும். செய்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன் டிப்பர்:

போதும் அண்ணை. எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான் ஒட்டி ஓடுகிறார்கள். ரிவெட்டைக் காஸ் சுவாலையால் ஊதி எடுத்தால் வேலை கெதியாக முடியும். பெரிய ரொட் போட்டு இரண்டு மூன்று தரம் இழுத்துவிடுங்கள்.

கிளிநொச்சி கராஜ்:

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். ஒட்டி ஓடுகிறவை இருக்கின்றன, உண்மை. ஆனால் அவற்றில் எத்தனை, ஒட்டின் ஓரத்தில் செசியே வெடித்து எங்களிடம் வருகின்றன என்பதையும் பார்க்கிறோம்.

முதலில் எந்த ஹங்கர் என்று யோசியுங்கள். பின் ஸ்பிறிங்கின் முன் ஹங்கர் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை. லொறியைத் தள்ளிக்கொண்டு போவதும், பிறேக் பிடிக்கும்போது இழுத்து நிறுத்துவதும் ஸ்பிறிங்கை ஹங்கரில் கோர்க்கிற பின் என்ற அந்த ஒரு ஆணிக்கூடாகத்தான் செசிக்குப் போகிறது. அது கழன்றால் அக்சில் ஒரு பக்கம் பின்னால் போகும், புரொப்பெலர் சாஃப்ட் இழுபடும், பிறேக் ஹோஸ் அறும். பாரத்தோடு மாங்குளம் வீதியில் வரும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சக்கிள் தொங்கும் பின் ஹங்கருக்கு வருவது பெரும்பாலும் மேல்-கீழ்ப் பாரம்தான்.

அடுத்தது, கொம்பனிக்காரன் ஏன் ரிவெட் அடித்தான் என்பது. லொறிச் செசி பாரத்திலும் குழியிலும் முறுகி வளையத்தான் வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சுற்றிவர ஒட்டினால் அந்த இடம் மட்டும் விறைத்துப்போகும். வளைவு முழுவதும் ஒட்டின் ஓரத்தில் வந்து குவியும். சூட்டினால் அந்த ஓரத்து இரும்பின் தன்மையும் மாறியிருக்கும். விளிம்பில் சிறிதாகக் கீறிவிட்ட துணி, இழுக்க இழுக்க அந்தக் கீறலிலிருந்தே கிழிவதுபோல்தான் அதுவும் வெடிக்கும். செசியின் கீழ் மடிப்பில் குறுக்காக ஒட்டு விழுந்தால் இன்னும் மோசம்.

அதனால் ரிவெட் இருந்த ஓட்டைகளிலேயே போல்ட் போடுங்கள். ரிவெட்டின் தலையைக் கிறைண்டரால் சீவி, நடுவில் ட்ரில் போட்டு உள்ளே இளக்கி, பஞ்ச் என்ற இரும்புக் குச்சியால் அடித்து எடுக்க வேண்டும். காஸ் வேண்டாம். செசியும் சூடாகும், ஓட்டையும் கோணலாகும். எடுத்தபின் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அடுத்த அளவுக்கு வட்டமாக றீமர் (ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டு, அதற்கு இறுக்கமான போல்ட் போடுங்கள். தளர்வான ஓட்டையில் சின்னப் போல்ட் போட்டு வாஷரால் மூடினால் சில மாதத்தில் ஆடத் தொடங்கும்.

போல்ட்டின் தலையில் பலத்தின் தரம் 10.9 என்று அடித்திருக்க வேண்டும். அங்குல அளவென்றால் தலையில் ஆறு கோடு. ஒன்றும் அடிக்காத போல்ட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வாங்க வேண்டாம். கறள் பிடிக்காது என்று சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் எடுத்துத் தருவார்கள், அதுவும் இதற்குச் சரிவராது, பலம் குறைவு. புரி வெட்டாத பகுதி ஹங்கரும் செசியும் சேருமிடத்தைத் தாண்டி இருக்க வேண்டும். புரி அந்த இடத்தில் வந்தால் போல்ட் அங்கேதான் வெட்டுப்படும். தடித்த வாஷர், லொக் நட். 12 மில்லி போல்ட் என்றால் 110 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். ஹங்கர் உட்காரும் முகத்தில் தடிப்பாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம், மெல்லிய பிறைமர் போதும். தடித்த பெயின்ட் நாளடைவில் நசிந்து இறுக்கம் விட்டுப்போகும்.

இன்னொன்று. வாங்கி வைத்த ஹங்கர் வார்ப்பா, அழுத்தித் தகட்டில் செய்ததா? ஓரத்தில் கிறைண்டரைத் தொட்டுப் பாருங்கள்.

முத்தையன்கட்டு:

மிக்க நன்றி அண்ணை. கிறைண்டர் வைத்துப் பார்த்தேன். முன் ஹங்கரில் மங்கலான சிவப்புப் பொறி, கட்டையாக, கிட்டவே அணைந்துவிடுகிறது. மேற்பரப்பும் மண் அச்சில் வார்த்ததுபோல் சொரசொரப்பு, இலக்கம் புடைத்து நிற்கிறது. பின் ஹங்கரில் நீளமான மஞ்சள் பொறி.

ரிவெட் எடுத்தாயிற்று. ஆனால் பழைய ஒட்டைச் சீவியபின் செசியில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. வெடிப்பா, கிறைண்டர் கீறலா என்று தெரியவில்லை. வெர்னியரால் அளந்தேன். நல்ல இடத்தில் செசித் தகடு 5 மில்லி, ஹங்கர் இருந்த இடத்தில் மூன்றரைக்குக் கிட்ட.

கிளிநொச்சி கராஜ்:

அப்படியென்றால் முன் ஹங்கர் வார்ப்பிரும்புதான். சாதாரண ரொட்டால் அதை ஒட்டினால் பக்கத்திலேயே வெடிக்கும். முன்பு ஒட்டியவருக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இனி அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், போல்ட் மட்டும்தான்.

கோட்டைப் பார்க்க: நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விடுங்கள். காய்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிட்டு வெண்கட்டித் தூளை மேலே பூசுங்கள். வெடிப்பென்றால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெண்கட்டியில் கோடாகத் தெரியும். கீறலென்றால் ஒன்றும் வராது.

முத்தையன்கட்டு:

கோடு ஊறி வந்தது. வெடிப்புத்தான். செசியின் நிற்கும் பக்கத்தில், கீழ் மடிப்புக்கு மேலே, ஒரு சுண்டுவிரல் நீளம்.

மாங்குளம் ஒட்டுவேலை:

இந்த இடத்தில்தான் ஒட்டு தேவை. வெடிப்பு கீழ் மடிப்புக்குள் போகாதது நல்லகாலம். போயிருந்தால் செசியைக் கழற்றிச் செய்கிற வேலை.

வெடிப்பின் இரண்டு நுனியையும் கண்டுபிடித்து, ஒவ்வொரு நுனியிலும் 6 மில்லி ஓட்டை ட்ரில் போடுங்கள். அது இல்லாமல் ஒட்டினால் வெடிப்பு ஒட்டுக்குக் கீழாலேயே நடந்து போகும். பிறகு வெடிப்பை வி வடிவில் சீவி, 7018 என்ற வகை ரொட்டால் அடிவரை ஊறும்படி நிரப்பி, மற்றப் பக்கத்தையும் சீவி ஒட்டி, இரண்டு பக்கமும் மட்டமாகக் கிறைண்டர் பிடிக்க வேண்டும். புடைப்பை விட்டால் பலம் என்று நினைப்பார்கள், அந்தப் புடைப்பின் ஓரத்தில்தான் அடுத்த வெடிப்பு. கிறைண்டர் கோடுகள் செசியின் நீளப்பாட்டில் இருக்கட்டும், குறுக்காக வேண்டாம்.

3.2 மில்லி 7018க்கு 110 முதல் 130 ஆம்பியர், ரொட் பொசிட்டிவ்வில். கேற் ஒட்டும் 6013 போல அது சுகமாகப் பற்றாது, கொஞ்சம் கழிவு இரும்பில் பழகிவிட்டு வாருங்கள். புதிதாகப் பைக்கற் உடைத்த ரொட்டாக இருக்க வேண்டும். மாரியில் திறந்து கிடந்த ரொட் ஈரம் குடித்திருக்கும், அந்த ஈரமே ஒட்டுக்குள் வெடிப்பாக வரும். வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் நீளமான மெல்லிய வயர் இழுத்து ஒட்டவும் வேண்டாம். வோல்ட் விழுந்து, மேலால் அழகாகவும் அடியில் பிடிக்காமலும் இருக்கும்.

மெலிந்த இடத்துக்கு உட்பக்கமாக 5 மில்லித் தகடு போடுங்கள். ஹங்கரைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடியாவது நீள வேண்டும். நுனியை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். அதையும் ஒட்ட வேண்டாம், ஹங்கர் போல்ட்டுகளே தகட்டையும் சேர்த்துப் பிடிக்கட்டும், நுனிப் பக்கம் இன்னும் இரண்டு போல்ட் கூட்டுங்கள். புது ஓட்டை எல்லாம் நிற்கும் பக்கத்தில்தான். கீழ் மடிப்பில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம்.

உண்மையைச் சொல்கிறேன் தம்பி, அந்த வெடிப்பு ஒட்டை மட்டும் 7018இல் நல்ல பழக்கம் உள்ள ஒருவரைக் கூட்டிவந்து செய்யுங்கள். மற்ற எல்லாம் உங்கள் கையால் செய்யலாம். அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் உங்கள் பக்கமும் இருப்பார்கள்.

மன்னார்:

ஒட்டுவதற்கு முன் பற்றறி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். 24 வோல்ட் லொறி என்றால் இரண்டு பற்றறியையும் பாருங்கள். ஒல்டர்னேற்றர் வயரையும் கழற்றிவிடுவது நல்லது. ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சீவிய செசியில் பிடியுங்கள். ஸ்பிறிங்கிலோ வீல் ஹப்பிலோ பிடித்தால் கரண்ட் பெயறிங்குக்கூடாகப் போகும். ஸ்பிறிங் பிளேட்டில் ஒரு பொறி விழுந்தாலும் அந்தப் புள்ளியில் பிறகு முறியலாம், ஈரச் சாக்கால் மூடுங்கள்.

டீசல் தாங்கியைக் கழற்றித் தூர வையுங்கள். பிறேக் பைப்பும் வயரும் செசியோடுதான் ஓடுகின்றன, அவற்றை அவிழ்த்து விலக்குங்கள். முக்கியமாக, பிறேக் கிளீனர் ஸ்பிறே அடித்துச் சுத்தம் செய்துவிட்டு ஒட்ட வேண்டாம். குளோரின் கலந்த வகையென்றால் ஒட்டுச் சூட்டில் பொஸ்ஜீன் என்ற நச்சுப்புகை வரும், அது நுரையீரலைத் தாக்கும். கிறைண்டரும் கம்பித்தூரிகையும் போதும். மண் வாளியோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒட்டி முடித்தபின்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

லொறியை ஜக்கில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள். செசிக்குக் கீழ் பாலைக் குற்றியோ பனங்குற்றியோ அகலமாக அடுக்குங்கள். செங்கல், சீமெந்துக்கல் வேண்டாம், பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும்.

பரந்தன் டிப்பர்:

காஸ் பற்றிச் சொன்னது எனக்கும் புதிது. எங்கள் டிப்பரின் ஒட்டுகளை இந்த வாரம் வெண்கட்டி போட்டுப் பார்க்கிறேன்.

முத்தையன்கட்டு:

வெடிப்பை ஒருவர் வந்து ஒட்டித் தந்துவிட்டார், தகடும் உள்ளே போட்டாயிற்று. இப்போது ஹங்கரை நிறுத்துவதில் சந்தேகம். ஓட்டைகள் றீமர் போட்டதில் ஹங்கரை ஒன்றிரண்டு மில்லி முன்பின் அசைக்க முடிகிறது. எந்த இடம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளிநொச்சி கராஜ்:

ஓட்டைகளை ஒரே தரத்தில் முழு அளவுக்குப் போடாமல், ஒன்றிரண்டை இறுக்கி நிறுத்திப் பார்த்தபின் மற்றவற்றைப் போட்டிருக்கலாம். பரவாயில்லை, இன்னும் திருத்தலாம். மட்டமான தரையில் லொறியை நிறுத்தி, முன் ஸ்பிறிங்கின் நிலையான பின்கள் இரண்டிலிருந்தும், பின் ஸ்பிறிங்கின் முன் ஹங்கர் பின்கள் இரண்டிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி போடுங்கள். இடது பக்க நீளமும் வலது பக்க நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும், மூலைக்கு மூலை அளக்கும் இரண்டு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மில்லிக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் ஓடாது, லொறி சரிந்து ஓடும், ரயர் தேயும்.

அளவு சரியான இடத்தில் ஹங்கரை இறுகக் கவ்வி வைத்து, எல்லா ஓட்டைகளையும் ஹங்கரோடு சேர்த்து அடுத்த அளவுக்கு ஒன்றாக றீமர் போடுங்கள். பிறகு அசையாது.

ஸ்பிறிங் ஏற்றும்போது அதை அக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட் புதிதாகப் போடுங்கள், பழையதை இறுக்கினால் புரி இழுபட்டுப்போயிருக்கும். பின்னைச் சுற்றியிருக்கிற உறை றப்பர் புஷ் என்றால் சக்கிள் நட்டுகளை லொறி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகியே இருந்து கெதியாகக் கிழியும். கிறீஸ் நிப்பிள் உள்ள புஷ் என்றால் அந்தக் கவலை இல்லை, கிறீஸ் ஓரத்தால் வரும்வரை அடியுங்கள்.

முத்தையன்கட்டு:

அளந்தேன், மூலைக்கு மூலை 2 மில்லி வித்தியாசம்தான். 14 மில்லி 10.9 போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. பழக்கமாக ஏற்றுகிற நெல் மூட்டைகளை உடனே ஏற்றலாமா?

கிளிநொச்சி கராஜ்:

14 மில்லி என்றால் இறுக்கம் 180 நியூட்டன் மீட்டர் அளவில் வர வேண்டும், 12 மில்லிக்குச் சொன்ன கணக்கில் விட்டுவிடாதீர்கள். முதலில் வெறும் லொறியாக ஒட்டுசுட்டான் வரை ஓடிவந்து எல்லா நட்டையும், யூ போல்ட்டையும் ரென்ச் போட்டுப் பாருங்கள். பிறகு அரைப் பாரம். அதற்குப் பிறகும் ஒருதரம் இறுக்குங்கள். ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்ததா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும்போதும் அந்த இடத்தைப் பெயின்ட் பூசி மறைக்காமல் காட்டுங்கள்.

இடது பக்க ஹங்கரையும் இந்த மாரிக்குள் வெண்கட்டி போட்டுப் பாருங்கள் தம்பி. உப்புத்தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் வடிந்திருக்காது.

முத்தையன்கட்டு:

சரி அண்ணை, நாளைக்கே பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.