தக்கோலம், புள்ளலூர்ப் பயணம்: குடும்பக் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

நித்யா: அனைவருக்கும் வணக்கம். இனியனுக்கு அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டதால் நாளை இரவு பெங்களூரிலிருந்து புறப்படுகிறோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியத்தைப் பார்த்த நாளிலிருந்து, அந்த ஊர் தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் நாம் ஏன் போனதே இல்லை என்று நச்சரிக்கிறான். எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் போய் வரலாமா?

முரளி: தாராளமாகப் போகலாம்.

வசந்தா: யாருடைய வண்டியில் போகிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

சுந்தரம்: இக்குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதக் கூடாது என்று நான் வைத்த விதியை என் மகளாவது காப்பாற்றுகிறாள். புள்ளலூர் வரை போகிறவர்கள் தக்கோலத்தைத் தாண்டிப் போவது முறையல்ல. 949ஆம் ஆண்டு, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்து நின்ற, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன், கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகனால் யானையின் மேலிருந்தபடியே கொல்லப்பட்டது அங்கேதான். அதனால்தான் கல்வெட்டுகள் அவனை ‘ஆனைமேல் துஞ்சின’ தேவர் என்கின்றன.

கார்த்திக்: பெரிய மாமா, அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வந்தவாசியில் 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற இடத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்துப்போய், உச்சி வெயிலில் எங்களை ஒரு வயலைப் பார்க்க வைத்தீர்கள்.

வசந்தா: அன்று எனக்கு வந்த தலைவலி மூன்று நாள் நீங்கவில்லை.

சுந்தரம்: தக்கோலத்திலும் போர்க்களம் என்று கைகாட்ட ஓரிடம் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பந்தர் பாடிய திருவூறல் என்னும் சலநாதேசுவரர் கோயில் இருக்கிறது, சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. எனக்கு இராசாதித்தனைவிட அவனுடைய கேரளத் தளபதி வெள்ளன் குமரனின் கதைதான் பெரிது. தலைவனோடு சேர்ந்து சாகவில்லையே என்று மனம் உடைந்து, துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துத் தலைவராக வாழ்ந்தார். நூறு வெற்றிகளைப் பற்றிப் படித்தாலும் இப்படி ஒரு மனிதனைக் காண்பது அரிது.

முரளி: அண்ணா, நீங்கள் ஏற்கெனவே நான்கு முறை சொன்ன கதை.

நித்யா: அப்பா, அதே போரில் பூதுகன் பக்கம் போரிட்ட மணலேரன் என்பவன் பரிசாகக் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றதையும், அந்த நாய் காட்டுப்பன்றியோடு போரிட்டு மடிந்ததையும் சொல்லும் ஆதகூர்க் கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இனியனுக்கு அரசர்கள் யாரும் நினைவில்லை. நாயின் பெயர் மட்டும் நினைவிருக்கிறது.

கார்த்திக்: நானும் இனியன் கட்சிதான்.

சுந்தரம்: இனிப் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் பெய்லி நடத்திவந்த ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படையை ஐதர் அலியும் திப்புவும் அங்கே சூழ்ந்துகொண்டார்கள்; வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் கும்பினிப் படை நிலைகுலைந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார். இத்தனைக்கும் பீரங்கிச் சத்தம் கேட்கும் தொலைவில், காஞ்சிபுரத்தில், பெரும்படையுடன் இருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ, அங்குள்ள தானியத்தையும் பீரங்கிகளையும் விட்டுவர மனமில்லாமல் நேரத்தைக் கடத்தினார். கடைசியில் அந்தப் பெரிய பீரங்கிகளையே கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

வசந்தா: பக்கத்தில் இருந்தும் நேரத்துக்கு வராதவர் நம் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணம் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

முரளி: அன்று டயர் வெடித்தது என்று 26 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்கா.

கார்த்திக்: வெடிமருந்து வண்டியா, சின்ன மாமா?

முரளி: கார்த்திக், உன் அப்பாவைக் கேட்டுப் பார். அவரும் அந்த வேனில்தான் இருந்தார்.

நித்யா: சித்தப்பா, கோபம் வேண்டாம். திங்கட்கிழமை போகலாமா?

வசந்தா: திங்கள் என்றால், புள்ளலூரிலிருந்து காஞ்சிபுரம் போய் ஒரு பட்டுப்புடவையும் எடுத்துவிடலாம்.

சுந்தரம்: புடவைக் கடைக்குள் நுழைந்தால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். புள்ளலூரில் 1781இல் நடந்த இரண்டாம் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இருக்கின்றன. அவற்றை வெளிச்சம் இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

வசந்தா: தூண்கள் எங்கும் ஓடிவிடாது, அண்ணா. தள்ளுபடி முடிந்துவிடும்.

நித்யா: குளத்தில் தள்ளிய பீரங்கிகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றனவா என்று இனியன் கேட்கிறான்.

சுந்தரம்: அதை நேரில் சொல்கிறேன், எழுதினால் உங்கள் சித்தப்பா படிக்க மாட்டார்.

முரளி: திங்கள் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன்.

வசந்தா: பார்க்கலாம். புளிச்சோறு நான் கட்டிவருகிறேன். யாருடைய வண்டி என்று கேட்டு ஒரு மணி நேரம் ஆகிறது.