திருகோணமலையில் குடாவைப் பார்த்த வாடகை வீடு – என்ன கேக்க வேணும்?

கேள்வி: உப்புவெளியில குடா தெரியிற மேல்மாடி வீடு, ஓகஸ்டில நாலு நாளுக்கு. ரெண்டு சின்னப் பிள்ளையள், முழங்கால் வருத்தமுள்ள அம்மா. முற்பணம் கட்டமுதல் எதைக் கேக்க?

பதில் 1: அங்க கடல் கிழக்கில. விடிய ஆறு மணிக்கே வெயில் கட்டிலில விழும். தடிச்ச திரை இருக்கோ கேளுங்கோ. ஓகஸ்டில கச்சான் காற்று மேற்கால, தரைப்பக்கமிருந்து சூடாக வரும். "கடற்காற்று போதும்" எண்டு ஏசி இல்லாத அறை எடுக்கவேண்டாம். ஏசிக் கரண்ட் வாடகைக்குள்ளயோ, மீட்டர்படியோ? மீட்டர் எண்டால் போன உடனே வாசிப்பைப் படம் எடுங்கோ.

பதில் 2: தண்ணி முக்கியம். கரையோரக் கிணறு உவர்க்கும், சோப்பு நுரைக்காது. குளிக்கக் குழாய்த்தண்ணியோ எண்டு கேளுங்கோ. குடிக்க 19 லீற்றர்ப் போத்தல் வாங்கலாம். அம்மாவுக்குக் கீழ்த்தளத்திலயும் ஒரு அறை, கொமட் கேளுங்கோ. படியளின்ர படம் அனுப்பச் சொல்லுங்கோ, விளம்பரத்தில பல்கனி மட்டும்தான் இருக்கும்.

பதில் 3: கச்சானுக்குக் கடல் குளம்மாதிரிக் கிடக்கும், அதுதான் ஏமாத்து. காற்று கரையிலயிருந்து வெளிய தள்ளும். காற்றடிச்ச மிதவையில பிள்ளையளை விடாதேங்கோ, நிமிசத்தில தூரப்போயிடும். நவம்பருக்கு மாத்திற யோசனை இருந்தால் விடுங்கோ: வாடைக்காற்று, மழை, குளிக்கேலாத அலை.