ஒட்டுண்ணிக் குளவி முட்டையிடுவதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உடுமலைப்பேட்டை, மல்பெரி விவசாயி:

பப்பாளி மாவுப்பூச்சியிடம் அடிபட்ட யாருக்கும் 2010 மறக்காது. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய அந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கொழுந்தெல்லாம் சுருண்டு, வெள்ளை மாவு அப்பிக்கிடந்தது. மருந்தும் கைகொடுக்கவில்லை. பூச்சியின் மேலிருக்கும் மெழுகைத் தாண்டி மருந்து இறங்காது. இலையில் தங்கும் நஞ்சோ அதைத் தின்னும் பட்டுப்புழுவைக் கொன்றுவிடும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2010இல்தான் தமிழ்நாட்டில் விட்டார்கள். எங்களுக்கும் ஒரு குப்பி கிடைத்தது. குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மனிதரைக் கொட்டவும் கொட்டாது.

குப்பியை இலைக்கடியில் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் மேல் உணர்கொம்பால் தட்டித் தட்டி நடந்தது. சற்று நின்றது, திரும்பியது, பின்புறத்தை அழுத்தி ஊசி போன்ற முட்டைக் குழலை உள்ளே இறக்கியது. அவ்வளவுதான், அடுத்த குஞ்சுக்குப் போய்விட்டது. குத்துப்பட்ட குஞ்சு எதுவும் நடக்காததுபோல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது உடனே சாகவும் கூடாது. உள்ளே பொரிக்கும் குளவிப் புழு அதைத் தின்றுதானே வளரவேண்டும்! நாள் போகப் போகக் குஞ்சு உப்பி, பழுப்பேறி, தோல் விறைத்துவிட்டது. பிறகு ஒரு முனையில் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே புதுக் குளவி வெளியேறியிருந்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உப்பிப் பழுப்பேறிய, ஓட்டை விழாத பூச்சிகளைக் கிள்ளி எரித்துவிடாதீர்கள். அடுத்த தலைமுறைக் குளவி அதற்குள்தான் இருக்கிறது.

சென்னை, இல்லத்தரசி:

அண்ணா, நீங்கள் சொன்னது உடலுக்குள் முட்டை வைக்கும் குளவி. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நான் பார்த்தது வெளியே ஒட்டிவைக்கும் வகை. உடம்பு மரகதப் பச்சை, தொடை சிவப்பு. தன்னைவிடப் பெரிய கரப்பானை முதலில் மார்பில் கொட்டியது, முன்னங்கால்கள் துவண்டன. அடுத்த கொட்டு தலைக்குள், மூளைக்கே. அதன்பின் கரப்பானுக்குக் கால்கள் இருந்தும் ஓடத் தோன்றவில்லை. குளவி அதன் மீசையைப் பாதியில் நறுக்கி, கசிந்ததைக் குடித்தது. மிச்ச மீசையைப் பற்றி இழுக்க, கரப்பான் கூடவே நடந்து செங்கல் இடுக்குக்குள் போனது. சற்று நேரத்தில் குளவி மட்டும் வெளியே வந்து, சிறு கற்களைப் பொறுக்கி வாயை அடைத்தது. உள்ளே கரப்பானின் காலில் ஒரே ஒரு முட்டையை ஒட்டும் என்று பிறகு படித்தேன். பொரித்த புழு முதலில் வெளியிலிருந்து உறிஞ்சும், பிறகு உடலுக்குள் புகுந்துவிடும்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று பாட்டி சொல்வார். அதை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். கூட்டுக்குள் புழு போனதையும் குளவி வெளிவந்ததையும் அந்தக் காலத்தவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். நடுவிலிருந்த முட்டைதான் கண்ணில் படவில்லை.

கடலூர் மாவட்டம், கரும்பு விவசாயி:

அக்கா, இன்னொரு வகையும் இருக்கிறது. டிரைக்கோகிரம்மா, பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும். புழு பொரிக்கவே விடாது என்பதால் கரும்புக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது. கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்காக நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை இந்தக் குளவி வளரும் அட்டையைக் கட்டுகிறோம். அட்டையில் ஒட்டியிருப்பவை கார்சிரா அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒட்டுண்ணி ஏறியதும் அவை கறுத்துவிடும். வாங்கும்போது அந்தக் கறுப்பைப் பாருங்கள். வெளிறிக்கிடந்தால் உள்ளே குளவி இல்லை. முட்டையெல்லாம் ஓட்டையாக இருந்தால் குளவிகள் ஏற்கெனவே பறந்துவிட்டன.

வெயில் ஏறுவதற்குள் இலையின் அடிப்பக்கம் கட்டிவிடுங்கள். எறும்பு ஏறும் தூரை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள், இல்லையென்றால் முட்டையைத் தின்றே தீர்த்துவிடும். அட்டை கட்டியிருக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.