முட்டையை எங்கே ஒளிக்குதுங்க?

கேள்வி: மேய விட்ட கலப்புக் கோழிங்க. பெட்டை 14, சேவல் 4. பத்து நாளா கூட்டுல முட்டையே இல்ல. மொட்டைக்கழுத்துப் பெட்டை ஒண்ணு வேலியோரம் போய்ட்டு, அரைமணி கழிச்சு கொக்கரிச்சுக்கிட்டு வருது. பின்னாடியே போனா நின்னு என்னையே முறைக்குது!

பதில்: காலைல 10 மணி வரை திறக்காதீங்க. பாதிக்கு மேல அதுக்குள்ள இட்டுடும். பெட்டியில வைக்கோல் போட்டு ஒரு பொய்முட்டை வைங்க. ஒரு வாரம் பழக்கணும்.

இன்னொரு பதில்: நாலு சேவல் அதிகம்ங்க. பத்துப் பெட்டைக்கு ஒண்ணு போதும். சேவல் ஏறி ஏறி மிதிச்சா இறகு கொட்டிடும், பெட்டைங்க முதுகுல இறகு இருக்கா?

கேட்டவர்: முதுகு பாதிக்கு மொட்டைதான். முட்டையும் கிடைச்சிருச்சு, விறகுக் குவியலுக்கு அடியில 23! தண்ணில போட்டா ஒன்பது மிதக்குது.

பதில்: மிதக்குறது பழசு, கெட்டுப்போயிருக்கும். அதை உடைச்சுப் பாத்துடாதீங்க. நான் பாத்தேன், சட்டையைத் தூக்கியே போட்டேன்.