மறு: தேனீயின் குடலில் வரும் நொசீமாவுக்குத் தமிழ்ச்சொல்

> அண்ணா, திருகோணமலைத் தேனீ வளர்ப்பாளருக்கான கைந்நூலில் நொசீமாவைக் ‘குடற்புழு’ என்று எழுதலாமா? ‘குடலுண்ணி’, ‘கழிச்சல் நோய்’ என்றும் சொல்கிறார்கள். பரிசோதனை முடிவைக் குறிக்கவும் ஒரு சொல் தேவை.

தம்பி, வணக்கம்.

‘குடற்புழு’ வேண்டவே வேண்டாம். பேரைக் கேட்டதும் ஆட்டுக்குக் கொடுக்கிற பூச்சிமருந்தைச் சீனிப்பாகில் கலக்கப் பார்ப்பார்கள். இது பங்கசுக்களோடு சேர்த்து வகுக்கப்படும் ஒருகல உயிர். நடுக்குடலின் மேலணிக் கலங்களுக்குள் பெருகுவது. ‘உண்ணி’ என்றால் தேனீயின் உடலில் ஒட்டியிருக்கும் வறோவா என்ற உண்ணியோடு குழம்பும். ‘நொசீமா நோய்’ என்றே விடலாமென்றால், 2020இல் அதை வைரிமோர்பா என்ற பேரினத்துக்கு மாற்றியும் விட்டார்கள். நுணுக்குக்காட்டியில் தெரிவதை வைத்தே பெயரிடுவோம்: நோய்க்கு ‘நடுக்குடல் வித்திநோய்’, அளவுக்கு ‘வித்திச்சுமை’. வித்தி (spore) என்றால் இந்த உயிர் பரவ உதவும் நுண்கலம்; பள்ளிப் பாடநூலிலேயே உள்ள சொல்.

வித்திச்சுமை என்பதைச் செய்முறையோடு சேர்த்தே வரையறுங்கள். வாசலில் வந்திறங்கும் முதிர்ந்த வேலைக்காரத் தேனீக்கள் 60 பிடித்து 70% அற்ககோலில் போட வேண்டும். புழுவடையிலுள்ள இளந்தேனீயை எடுத்தால் தொற்று இருந்தும் வித்தி தெரியாமல் போகும். வயிற்றுப் பகுதியை மட்டும் வெட்டி, தேனீ ஒன்றுக்கு 1 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடித்து, குருதிக்கலம் எண்ணும் கட்டக் கண்ணாடியில் ஒரு துளி. வித்திகள் அடியில் படிய ஓரிரு நிமிடம் விட்டு 400 மடங்கில் பார்க்க வேண்டும். 80 சிறு கட்டங்களில் எண்ணியதை 50,000ஆல் பெருக்கினால் தேனீ ஒன்றுக்கான சுமை. 20 வித்தி என்றால் 10 இலட்சம்.

வித்தி அரிசிமணி போல நீள்வட்டம், ஓரம் கருமையாய், உள்ளே பளிச்சென்று, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நீளம் 5 மைக்ரோமீற்றருக்குக் கிட்ட. வித்தியென்று மயங்கக்கூடிய மதுவத்தில் (ஈஸ்ட்) மொட்டு விட்ட கலங்கள் தெரியும், அளவும் சிறிதும் பெரிதுமாக மாறும். மகரந்தமணி பல மடங்கு பெரியது.

‘கழிச்சல் நோய்’ என்பதையும் விட்டுவிடுங்கள். நொசீமாவின் ஓர் இனமான நொசீமா செரானே தொற்றினால் பெரும்பாலும் கழிச்சல் இராது. 1996இல் அதை விவரித்ததே நாங்கள் பெட்டியில் வளர்க்கிற ஏப்பிசு செரானா தேனீயிலிருந்துதான். மாரி மழை விட்டதும் பெட்டி முகப்பில் கழிச்சல் கறையைத் தேடி, காணவில்லையென்று நிம்மதியாய் இருந்துவிடுவார்கள்.

> அண்ணா, அப்படியானால் ‘செரானே வித்திநோய்’, ‘ஏப்பிசு வித்திநோய்’ என்று பிரிக்கலாமா?

பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்த மாதிரிக்கு மட்டும் அப்படி எழுதுங்கள். நுணுக்குக்காட்டியில் நொசீமா செரானே, நொசீமா ஏப்பிசு என்ற இரு இனங்களையும் நம்பிப் பிரிக்க முடியாது. அந்த முடிவுகளுக்கு ‘நடுக்குடல் வித்திநோய்’ என்ற பொதுப்பெயரே போதும்.