நீலகிரியில் இஸ்லாமிய வெறுப்பு: எங்கே, எப்படி? – அனுபவப் பகிர்வு

குன்னூர், வாடகை வீட்டுத் தரகர்

இஸ்லாமோஃபோபியா, அதாவது முஸ்லிம்கள் மீதான வெறுப்பு, என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்ற சண்டை எங்கே ஆரம்பித்தாலும் வேதம், வரலாறு என்று போய்விடுகிறது. வீடு கேட்கும் இடத்தில் அது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போனில் முதல் கேள்வியே "பேரு என்னங்க?" வாடகை, அட்வான்ஸ், எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். முஸ்லிம் பெயர் என்றால் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார்கள், அப்புறம் "பெயின்ட் அடிக்கணும்", அப்புறம் "சொந்தக்காரங்க வர்றாங்க". டு லெட் போர்டு மட்டும் அப்படியே தொங்கும். "சைவம் மட்டும்" என்ற நிபந்தனையும் பல வீடுகளில் இதற்குத்தான். அது நிஜமா என்று பார்க்க வழி இருக்கிறது: இதற்கு முன் அங்கே குடியிருந்தவர்கள் கறி சமைத்தார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். எல்லோருக்கும் அதே விதி என்றால் அது வீட்டுக்காரரின் பழக்கம், குறை சொல்ல மாட்டேன்.

2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. மதம் பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், ஹோட்டல் போன்றவற்றைத்தான் சொல்கிறது. சீசனில் லாட்ஜில் ரூம் இல்லை என்று மதத்துக்காக மறுத்தால் கேட்க இடமிருக்கிறது. தனி வீட்டுக்காரரிடம் அப்படிக் கேட்க முடியாது.

தரகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாடகை, அட்வான்ஸ், ஆள் எண்ணிக்கை, என்ன வேலை, இந்த நான்கையும் முதலில் சொல்லி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டு, பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். சம்மதித்தபின் பின்வாங்கினால் காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லப் பலருக்கு மனம் வராது.

கோத்தகிரி

வீடு மறுப்பது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இஸ்லாமோஃபோபியா என்ற சொல்லை வைத்து விமர்சனத்தின் வாயை அடைப்பதும் நடக்கிறது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டு வெடித்து 58 பேர் செத்தார்கள். ஆஸ்பத்திரி, காலேஜ், காய்கறி மண்டி எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கிப் போகிறவர்கள் நாம். அந்தப் பயம் மலைக்கும் ஏறி வந்தது. பயந்தவரை எல்லாம் வெறுப்பாளர் என்று சொல்லிவிடலாமா? 2022-ல் ஐ.நா. பொதுச்சபை மார்ச் 15-ஐ இஸ்லாமிய வெறுப்புக்கு எதிரான நாளாக அறிவித்தபோது, இந்தியாவின் பிரதிநிதி டி.எஸ். திருமூர்த்தி மற்ற மதத்தவர் மீதான வெறுப்பையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றார். அது நியாயம்தானே?

கூடலூர், வழக்கறிஞர்

நியாயம்தான் அண்ணா. சர்ச்சைத் தாக்கினாலும் கோயிலைத் தாக்கினாலும் அதே கண்டிப்பு வேண்டும். அதற்காக முஸ்லிம்கள் மீதான வெறுப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த மார்ச் 15-ஆம் தேதியே 2019-ல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக்கொன்ற நாள்.

கோவையைச் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். 1997 நவம்பர் கடைசியில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார், அடுத்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள், அதற்கப்புறம் பிப்ரவரியில் குண்டுகள். எந்தச் சாவும் இன்னொரு சாவை நியாயப்படுத்தாது. குண்டு வைத்தவர்களுக்குத் தனி நீதிமன்றம் 2007-ல் தண்டனை கொடுத்தது. குடும்பத்தில் ஒருவரை இழந்தவருக்குப் பயம் இருக்கும், அதை யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு, 1998-ல் பிறந்தேயிராத கூடலூர் பையன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எல்லை அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனில் ரன்னிமீட் டிரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு 1997-ல் வெளியிட்ட அறிக்கைதான் இஸ்லாமோஃபோபியா என்ற சொல்லைப் பரவலாக்கியது. மூடிய பார்வை, திறந்த பார்வை என்று எட்டு அளவுகோல்களை அது வைத்தது. மூடிய பார்வையில் முதலாவது: முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே அச்சு என்று நினைப்பது. நம் மாவட்டத்தில் அது ஒரு நாள்கூட நிற்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார், தமிழே வீட்டு மொழியான ராவுத்தர்கள், தக்கனி உருது பேசும் குடும்பங்கள். கல்யாணச் சாப்பாடுகூட ஒன்றுபோல இருக்காது.

விமர்சனத்தை அந்த அறிக்கையே தடுக்கவில்லை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் (முஸ்லிம்களின் ஊர்ப் பஞ்சாயத்து போன்றது) தொடங்கி, ஆண்களின் ஜமாஅத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். முத்தலாக் செல்லாது என்ற 2017 தீர்ப்புக்கு வழக்குப் போட்டவர்களும் முஸ்லிம் பெண்கள்தான். இன்ன வழக்கம் தவறு, இன்னார் செய்தது தவறு என்பது விமர்சனம். "அதனால இவங்க கடையில வாங்காதே, வீடு குடுக்காதே" என்று வால் முளைக்கும் இடத்தில் அது வெறுப்பாகிறது.

ஊட்டி, மெடிக்கல் ஷாப்

பிரியாணியில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற ஃபார்வர்டை நம்பிக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. வழக்கமான மாத்திரையைப் பெண்கள் 21 நாள், நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். இரண்டு நாள் விட்டாலே பலன் குறையும். அரசு தரும் சாயா மாத்திரையும் முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரையும் மலடாக்க முடியாது. ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை சந்தையிலேயே இல்லை.

"அவங்க பெருகிட்டே போறாங்க" என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1992-93-ல் 4.4, 2019-21-ல் 2.36. இந்துக்களுக்கு 3.3-லிருந்து 1.94. இரண்டும் இறங்குகிறது, முஸ்லிம்களுக்கு இன்னும் வேகமாக.

மசினகுடி

ஒரு சின்ன விளக்கம், அடிக்கடி குழப்புகிறார்கள். வகுப்பில் ஹிஜாப் அணிவதற்குத் தடையான 2022 உத்தரவு கர்நாடகத்தினுடையது. குண்டல்பேட்டையோடு அது நின்றுவிடும், முதுமலைக்கு இந்தப் பக்கம் பள்ளிகளில் அதைக் காட்டி யாரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. உச்ச நீதிமன்றத்திலும் 2022 அக்டோபர் 13-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத்தான் தீர்ப்பு எழுதினார்கள்.

பந்தலூர்

வக்கீல் சார், வாட்ஸ்அப் குரூப்பில் "இவங்க கடையப் புறக்கணிங்க, அடிச்சு வெரட்டுங்க" என்று வந்தால் ஸ்டேஷனில் என்ன எழுதிக் கொடுப்பது?

கூடலூர், வழக்கறிஞர்

"எங்கள் மனம் புண்பட்டது" என்று எழுதினால் புகார் அங்கேயே செத்துவிடும். வந்த வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதுங்கள். குரூப் பெயர், அனுப்பிய எண், தேதி, நேரம், இதைப் பார்த்தவர்கள் யார் என்பதும் வேண்டும். அனுப்பியவர் அழித்துவிடலாம் என்பதால் முதல் வேலையாக ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். எண் தெரிகிற மாதிரி புரொஃபைலைத் திறந்து காட்டி எடுப்பது முக்கியம். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63-வது பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதி உங்களுடையது, இன்னொன்று நிபுணருடையது.

பிரிவு: மதங்களுக்கிடையே பகை வளர்ப்பது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 196 (பழைய 153ஏ). மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்துவது 299 (பழைய 295ஏ). கெட்ட நோக்கத்தைக் காட்ட முடியாவிட்டால் 299-ஐத் தொடாதீர்கள். வெறும் கருத்துக்கு இதையெல்லாம் போடவும் கூடாது. பேச்சு சம்பந்தப்பட்ட குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணை நல்லது என்று உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. இன்னொரு பக்கம், வெறுப்புப் பேச்சு என்றால் புகார் இல்லாமலே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள்.

புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை ஊட்டி எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் நடக்காவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு எழுதாமல் நேராக அங்கே போனால் மனு திரும்பிவிடும். 196-க்கு நீதிமன்றம் வழக்கை எடுக்க அரசின் முன் அனுமதியும் வேண்டும், பல வழக்குகள் அங்கேதான் தேங்குகின்றன. குற்றப்பத்திரிகை போட்ட பிறகு அனுமதி கேட்டாகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள்.