கொள்ளிடத்தின் கடைமடையில் ஒரு குடம் நல்லதண்ணீர்

2022 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி உபரிநீர் திறக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்பட்டபோது, சீர்காழி வட்டம் நாதல்படுகையில் இருந்த என் அத்தையை அழைத்துவரப் போயிருந்தேன். படுகை, திட்டு என்று முடியும் ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே அவை ஆற்றுக்குள் இருப்பவை என்று தெரிந்துவிடும். படகில் ஏறிய அத்தை முதலில் கேட்டது, "குடிக்கத் தண்ணி கொண்டாந்தியா தம்பி?" என்பதுதான். கைப்பம்பின் பிடி மட்டும் வெள்ளத்துக்கு மேல் தெரிந்தது.

அடுத்த மே மாதம் மறுபடி போனேன். அப்போது கைப்பம்பில் தண்ணீர் தாராளமாக வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. சோப்பு நுரைக்கவில்லை, ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசாகவே கிடந்தது. "கடல் ஏறிடுச்சு" என்றார் அத்தை, யாரோ விருந்தாளி வந்துவிட்டதைச் சொல்வதுபோல.

அவர் சொன்னது சரிதான். வழக்கமாக ஜனவரி 28இல் மேட்டூர் மூடப்பட்டபின் ஆற்றில் வரத்து நின்றுவிடுகிறது. அதன்பின் ஓதத்தோடு, அதாவது கடல் மட்டம் ஏறும் நேரத்தில், உள்ளே வரும் உப்புநீரை எதிர்த்துத் தள்ள நன்னீர் இல்லை. வெள்ளநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் ஊற்றாகக் கொடுத்த மணலோ, பல இடங்களில் களிமண் தெரியும்வரை அள்ளப்பட்டு, ஆற்றின் தரையே தாழ்ந்துவிட்டது.

இதே கொள்ளிடத்தின் அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும் நீர், 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னைக்குக் குழாயில் செல்கிறது. சென்னைக்காரர்கள் குடிப்பதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அங்கே பத்து வருடம் அதைத்தான் குடித்தேன். ஆனால் ஆற்றுக்குள்ளேயே குடியிருப்பவர் கேன் தண்ணீர் வாங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை தனக்கு மேலே உள்ள ஊர்களின் நிலத்தடி நீருக்கு உதவலாம். முகத்துவாரத்தில் ஏறும் உப்பை அது தடுக்காது என்பதால், கடலோரத்தில் தனியாக ஒரு தடுப்பணை வேண்டும் என்று ஊரார் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள்.

அத்தை இப்போது ஓட்டுச் சரிவில் தகரம் வைத்து மழைநீரைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடிக்கிறார். அதில் பருப்பு மூன்று விசிலில் குழைகிறது.